பறவைகளின் பின்னால் ஒரு பயணம்: சாலிம் அலியின் வாழ்க்கை

பள்ளி விடுமுறை விட்டால் திருப்பூரில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். மூணாறா, வால்பாறையா? உடுமலையைத் தாண்டி, அமராவதி அணையை ஒட்டி, சின்னாறு வழியாக மறையூருக்கு ஏறும் சாலையில் அந்த நாட்களில் நம் பிள்ளைகளின் பைக்குகள் வரிசையாகப் போகின்றன. சிலர் கியர் சைக்கிளில்கூட மலையேறுகிறார்கள். தோளில் கேமரா, பையில் பைனாகுலர். வழியில் ஒரு மைனாவோ, கொண்டைக்குருவியோ, அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சியோ கண்ணில் பட்டால் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுக்கிறார்கள்.

1933ஆம் ஆண்டு, இதே மறையூரில் ஒருவர் கூடாரம் அடித்துத் தங்கினார். வயது 36. கையில் பட்டம் இல்லை, நிரந்தர வேலையும் இல்லை. திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க வந்திருந்தார். கூடவே அவருடைய மனைவியும் முகாம்களுக்கு வந்தார். இந்தியப் பறவைகளைப் பற்றி அறிய விரும்பும் எவரும் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது என்ற நிலை பிற்காலத்தில் வந்தது. அவர்தான் சாலிம் அலி.

பெற்றோரை இழந்த பிள்ளை

சாலிம் மொய்சுத்தீன் அப்துல் அலி 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில், சுலைமானி போஹ்ரா முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் கடைசி. ஒரு வயதில் அத்தாவை இழந்தார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார். அநாதையாக நின்ற பிள்ளைகளைத் தாய்மாமா அமீருத்தீன் தயாப்ஜியும், குழந்தை இல்லாத அவர் மனைவி ஹமீதா பேகமும் கேத்வாடியில் இருந்த தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். விடுதலைப் போராட்டத்தில் பெயர் பெற்ற அப்பாஸ் தயாப்ஜியும் இந்தப் பிள்ளைகளுக்கு மாமா முறைதான்.

அமீருத்தீன் மாமா வேட்டைப் பிரியர். அந்தக் காலத்தில் வசதியான குடும்பங்களில் அது சாதாரணம். சிறுவன் சாலிமுக்கும் ஒரு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. குருவிகளைச் சுட்டு வீழ்த்துவது அவனுக்குப் பொழுதுபோக்கு. பெரிய வேட்டைக்காரனாக வரவேண்டும் என்பதே அப்போது அவன் கனவு.

சுமார் பத்து வயதில் ஒரு நாள் அவன் சுட்ட குருவி மற்றதைப் போல இல்லை. பார்வைக்கு ஊர்க்குருவிதான், ஆனால் தொண்டையில் மஞ்சள் திட்டு. பையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இது என்ன பறவை? ஒரு முஸ்லிம் வீட்டில் இதைச் சாப்பிடலாமா, கூடாதா? குருவியைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் ஓடினான்.

மாமாவுக்கும் அது என்னவென்று தெரியவில்லை. அந்த இடத்தில் பெரியவர்கள் வழக்கமாகச் செய்வது என்ன? அதைத் தூக்கிப் போடு, போய்ப் படி என்று விரட்டுவோம். அமீருத்தீன் அப்படிச் செய்யவில்லை. தான் உறுப்பினராக இருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்ற ஆங்கிலேயருக்கு ஒரு அறிமுகக் கடிதம் எழுதி, குருவியோடு பையனை அங்கே அனுப்பி வைத்தார்.

வெள்ளைக்காரர் ஒருவரை நேருக்கு நேர் பார்க்கப் போகிறோம் என்ற நடுக்கத்தோடுதான் சாலிம் அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தான். மில்லார்டு குருவியைப் பார்த்த உடனே அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அதோடு விடவில்லை. அலமாரிகளைத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார். பறவைகளைப் பாடம் செய்து வைக்கவும், குறிப்பு எழுதவும் கற்றுக்கொள்ள வழி செய்தார். சாப்பிடலாமா என்று கேட்கப் போன சிறுவன், இத்தனை வகைப் பறவைகள் உலகில் உண்டா என்ற வியப்போடு வீடு திரும்பினான்.

படிப்பில் பின்தங்கியவர்

பள்ளிப் படிப்பில் சாலிம் கெட்டிக்காரர் அல்ல. பதின்மூன்று வயதில் தொடங்கிய கடுமையான தலைவலியால் அடிக்கடி வகுப்புகளைத் தவற விட்டார். உலர்ந்த காற்று நல்லது என்று சிந்து மாகாணத்தில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 1913இல் தட்டுத்தடுமாறி மெட்ரிக் தேறினார். செயின்ட் சேவியர் கல்லூரியில் சேர்ந்தார். முதல் ஆண்டே கஷ்டம். படிப்பை விட்டுவிட்டு, பர்மாவின் தாவோய் பகுதியில் குடும்பத்தார் நடத்திய உல்ஃப்ராம் சுரங்கத்தையும் மரத் தொழிலையும் பார்த்துக்கொள்ளப் போனார்.

வியாபாரத்தில் அவருக்குப் பெரிய வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் சுற்றிலும் காடு. பறவைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பள்ளிக்கூடம் ஆனது. அங்கேதான் இன்னொரு ஆசையும் பிடித்துக்கொண்டது: மோட்டார் சைக்கிள். மூன்றரை குதிரைத் திறன் கொண்ட என்.எஸ்.யு. வண்டிதான் முதல் வண்டி. பிறகு ஹார்லி டேவிட்சன், டக்ளஸ், ஸ்காட், சன்பீம் என்று வாழ்நாளில் பல வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டினார். எஞ்சினைப் பிரித்து மாட்டுவதிலும் அவருக்கு ஆசை அதிகம்.

1917இல் பம்பாய் திரும்பி வணிகச் சட்டமும் கணக்கும் படித்தார். கூடவே, செயின்ட் சேவியர் கல்லூரியின் பாதிரியார் பிளாட்டர் கொடுத்த ஊக்கத்தால் விலங்கியலும் படித்தார். 1918 டிசம்பரில் தெஹ்மினா பேகத்துடன் திருமணம் நடந்தது.

வேலை போனது, வழி திறந்தது

இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியல் பணி ஒன்று இருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் அது அவருக்குக் கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில், வருவோருக்கு விளக்கம் சொல்லும் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. மாதம் 350 ரூபாய் சம்பளம். அன்றைக்கு அது நல்ல தொகை.

இரண்டு ஆண்டுகளில் அவருக்கு ஒன்று புரிந்தது. பறவைகள் மீதான ஆசை மட்டும் போதாது, முறையான பயிற்சி வேண்டும். 1928இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி போனார். பெர்லின் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெசெமான் என்ற பேரறிஞரிடம் கற்றார். பட்டம் உண்டா என்று பார்க்காமல், கற்கும் ஆர்வத்தை மட்டும் பார்த்தவர் அவர். சாலிம் அலி கடைசி வரை அவரைத் தன் குருவாகவே மதித்தார்.

1930இல் ஊர் திரும்பினால் அருங்காட்சியகத்தில் அவருடைய பணியிடமே இல்லை. நிதி இல்லை என்று அதை நீக்கிவிட்டிருந்தார்கள். கையில் வேலை இல்லை, பம்பாயில் வாடகை கொடுத்துக் கட்டுப்படி ஆகாது. கணவனும் மனைவியும் அலிபாக் அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடி போனார்கள்.

வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேறு வேலை இல்லாதவர் அவற்றைப் பார்க்க உட்கார்ந்தார். நாள் கணக்கில், மாதக் கணக்கில் பார்த்தார், எழுதினார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுப் பெண்ணை அழைக்கிறது. பெண் வந்து கூட்டைச் சோதித்து, பிடித்தால் மட்டும் குடியேறுகிறது. உடனே ஆண் அந்தக் கூட்டைக் கட்டி முடித்துவிட்டு, அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கிறது. நம் கிராமத்துக் கிணற்றோரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கிய கூடுகள்தான். ஆனால் அவற்றுக்குள் நடக்கும் வாழ்க்கையை இவ்வளவு பொறுமையாகப் பார்த்துப் பதிவு செய்தவர் அவர். அந்த ஆய்வுக் கட்டுரைதான் அறிவியல் உலகில் அவர் பெயரை நிறுத்தியது.

அடுத்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சமஸ்தானங்களுக்கு எழுதினார்: உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம், பயணச் செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே அவர் கேட்டது. ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் என்று ஒவ்வொன்றாகச் சுற்றினார். மறையூருக்கு அவர் வந்தது இப்படித்தான். அந்தப் பயணத்தில் அவர் வியந்து பதிவு செய்த பெரியாற்றங்கரைத் தட்டேக்காடு, பிற்காலத்தில் பறவைகள் சரணாலயமாகி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலப் பறவை ஆய்வு துப்பாக்கியோடுதான் நடந்தது. சுட்டு எடுத்து, அளந்து, பாடம் செய்துதான் இனத்தை உறுதி செய்தார்கள். சாலிம் அலியும் அப்படித்தான் செய்தார். உயிரோடு இருக்கும் பறவையின் வாழ்க்கையைப் பார்ப்பதுதான் பெரிய அறிவு என்பதை நாட்டுக்குப் பழக்கியவரும் அவரே.

1939இல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. காட்டிலும் மலையிலும் கூடவே நடந்த துணை போனதில் அவர் உடைந்துபோனார். சகோதரி கமூ வீட்டில் தங்கி, மீண்டும் வேலையில் இறங்கினார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. சாதாரண வாசகரும் வண்ணப் படத்தைப் பார்த்து, வாசலில் வந்து உட்கார்ந்த பறவை எது என்று தெரிந்துகொள்ள முடிந்தது. இன்று வரை பதிப்பு மேல் பதிப்பாக அது விற்கிறது.

கேமராவும் சன்பீம் வண்டியும்

இரண்டாம் உலகப் போரின்போது, சிங்கப்பூரைச் சேர்ந்த லோக் வான் தோ என்ற செல்வந்தர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். தப்பி வந்த கப்பல் தாக்கப்பட்டு, சில காலம் கண் பார்வையையே இழந்திருந்தவர். பார்வை திரும்பியவர் பறவைகளைப் படம் எடுக்கும் கலையில் ஆசை வைத்தார். பம்பாயில் சாலிம் அலியின் நண்பரானார். இருவரும் சேர்ந்து பல பயணங்கள் போனார்கள். பறவை பழகும் வரை மறைவிடத்தில் மணிக்கணக்கில் காத்திருந்து எடுத்த படங்கள் அவை. சாலிம் அலியின் ஆய்வுப் பயணங்கள் பலவற்றுக்கு அவரே பணம் கொடுத்தும் உதவினார். 1964இல் தைவானில் நடந்த விமான விபத்தில் லோக் வான் தோ இறந்தார்.

1950இல் ஸ்வீடன் நாட்டு உப்சாலா நகரில் உலகப் பறவையியல் மாநாடு நடந்தது. அழைப்பு வந்தபோது சாலிம் அலிக்கு வயது 53. தன் சன்பீம் மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா போனார். அங்கே இறங்கி நாடு நாடாக ஓட்டினார். பிரான்சில் ஒரு சிறிய விபத்தில் காயம். ஜெர்மனியில் கல் பாவிய சாலைகளில் வழுக்கிச் சில முறை விழுந்தார். மூட்டை முடிச்சோடு மாநாட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, இவர் இந்தியாவிலிருந்தே பைக்கில் வந்திருக்கிறார் என்று அறிஞர்கள் மத்தியில் பேச்சுப் பரவிவிட்டது.

கோடிக்கரையும் பரத்பூரும்

தமிழ்நாட்டோடு அவருக்கு நெருக்கமான ஊர் கோடிக்கரை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் உள்ளான்களும் பூநாரைகளும் கூடும் அந்தக் கடற்கரையில், பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டுப் பறக்கவிடும் வேலையை அவரும் கழகத்தினரும் செய்தார்கள். வளையத்தில் ஒரு எண் இருக்கும். அந்தப் பறவை வேறு தேசத்தில் கிடைத்தால், அது எங்கிருந்து எங்கே போனது என்று தெரியும். 1967இல் கோடிக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டதில் அவருடைய முயற்சிக்குப் பங்கு உண்டு.

சுதந்திரத்துக்குப் பின் பணமின்றித் தவித்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை, பிரதமர் நேருவுக்கு எழுதி உதவி பெற்றுக் காப்பாற்றினார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று குரல் கொடுத்தார். அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய பறவைக் கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது.

அவரும் தவறினார். ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தை அழியாமல் காத்ததில் அவர் பங்கு பெரிது. ஆனால் அங்கே எருமைகள் மேய்வதைத் தடுத்தால் பறவைகளுக்கு நல்லது என்று அவர் நம்பினார். 1982இல் தடை வந்தது. மேய்ச்சலை நம்பியிருந்த கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிறகு அவருடைய கழகமே பல ஆண்டுகள் நடத்திய ஆய்வில் உண்மை தெரிந்தது. எருமைகள் மேயாததால் நீரில் புல் அளவுக்கு மீறி வளர்ந்து, பறவைகளுக்கு இடம் குறைந்திருந்தது. பறவையையும் மனிதரையும் பிரித்து வைத்துக் கணக்குப் போட்டால் கணக்குத் தப்பும் என்பது பரத்பூர் சொல்லும் பாடம்.

பத்ம பூஷண் 1958இல், பத்ம விபூஷண் 1976இல் வந்தன. பட்டம் இல்லாதவருக்கு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1958இல் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. ஜே. பால் கெட்டி விருதோடு வந்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதியாக ஆக்கிவிட்டார். 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் ஆனார். அதே ஆண்டு வெளிவந்த தன் வரலாற்று நூலின் பெயரிலேயே அந்தப் பழைய குருவியை வைத்தார். 1987 ஜூன் மாதம், 90 வயதில், பம்பாயில் காலமானார்.

நம் ஊர்க் குளம்

அவர் பெயரில் அமைந்த பறவையியல், இயற்கை வரலாற்று மையம் நமக்குப் பக்கத்தில், கோவை ஆனைகட்டியில் இருக்கிறது. தேனி மாவட்ட மேகமலையில் கண்டெடுத்த அபூர்வமான பழந்தின்னி வௌவால் ஒன்றுக்கும் 1972இல் அவர் பெயரையே சூட்டினார்கள்.

அதைவிட அருகில், நம் ஊரிலேயே ஒரு இடம் இருக்கிறது. ஊத்துக்குளி சாலை பக்கம், சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டிய நஞ்சராயன் குளம். நல்லாற்று நீரை நம்பிய இந்தக் குளத்தின் பரப்பு ஏறத்தாழ 125 ஹெக்டேர். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகூட இங்கே வந்து இறங்கியிருக்கிறது.

நொய்யலின் கதை நமக்குத் தெரியும். சாயக் கழிவு ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டி ஆனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, கூலி இல்லாமல் நின்ற வீடுகளையும் பார்த்தோம். ஆறு செத்தால் விவசாயி அழுதார், பட்டறை மூடினால் தொழிலாளி அழுதார். தண்ணீரும் பிழைப்பும் ஒன்றையொன்று கொல்லாமல் வாழும் வழியை இந்த ஊர் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தத் தேடலுக்கு, தண்ணீரைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்த கண்கள் வேண்டும். ஒரு குளத்தில் பறவை குறைகிறது என்றால் தண்ணீரில் ஏதோ மாறுகிறது என்று முதலில் சொல்லக்கூடியவர், அதைத் தினமும் பார்ப்பவர்தான்.

வானில் சிறகு விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளைக் கவனிக்கும்படி குர்ஆன் நம்மை அழைக்கிறது. அதற்கு மூணாறு வரை போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ர் தொழுதுவிட்டு மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு குளக்கரைக்குப் போகலாம். விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும்: தேதி, நேரம், பார்த்த பறவை, எத்தனை. படம் எடுப்பதானால் கூட்டின் அருகே போகாமல், கல் எறிந்து பறக்கவைக்காமல் எடுக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பயந்த தாய் கூட்டை விட்டுப் போனால் குஞ்சுகள் வெயிலில் வாடும், காகத்துக்கு இரையாகும்.

அங்கே பிள்ளைகள் கட்டாயம் ஏதாவது கேட்பார்கள். அந்தப் பறவையின் பெயர் என்ன, அது ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்பார்கள். நமக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். அமீருத்தீன் மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் செய்தது ஒன்றுதான்: தெரிந்தவரிடம் பிள்ளையை அனுப்பினார். தாய் தகப்பன் இல்லாத, படிப்பில் பின்தங்கிய ஒரு பிள்ளைக்கு அது போதுமானதாக இருந்தது.